காதுக்குப் பின்னால் ஒரு சதுரம்

குன்னூர், மருந்துக்கடைக்கு மேல் மாடி.
செருப்பைக் கழற்றச் சொன்னார்கள்,
பிறகு பொட்டை, பிறகு பவுடரை.
பஞ்சில் ஒட்டி வந்த நிறம்
என்னுடையதல்ல என்று எனக்கு முன்பே தெரியும்.
இப்போது பஞ்சுக்கும் தெரிந்துவிட்டது.

டாக்டர் நஸ்ரின் விரல் வைத்துப் பார்த்தார்.
இந்தக் குழிகளை எண்ணியவர்கள் உண்டு,
தொட்டவர் இல்லை.
"இது பரு வந்தது.
இது நீங்க கிள்ளினது.
இந்த அஞ்சு கட்டம் யார் போட்டது?"

கோயம்புத்தூர் என்றேன்.
ஆடித் தள்ளுபடி, மூன்று முறைக்கு ஒன்று இலவசம்.
சீட்டுப் பணம் மொத்தமும் கொண்டுபோயிருந்தேன்.
எனக்கு முன்னால் படுத்திருந்த சிவப்புப் பெண்ணுக்கு
வைத்த அதே அளவை எனக்கும் வைத்துவிட்டு
பில் போட ஓடினாள் ஒருத்தி.
குழி குழியாகவே இருந்தது.
அதன் மேல், ரேஷன் அட்டையில் குத்திய முத்திரைபோல
ஐந்து கறுப்புக் கட்டங்கள்.
எட்டு மாதம்.

"மெஷினுக்குக் கண்ணு கிடையாது, பவளமணி.
கறுப்பு எங்கயோ சூடு அங்க போய் உட்காரும்.
அது முடியா, மச்சமா, நீங்களான்னு
அதுக்குத் தெரியாது.
நாமதான் பார்த்து வைக்கணும்."

மேசையில் ஒரு ஆல்பம்.
'முன்' என்று ஒரு முகம், 'பின்' என்று ஒரு முகம்,
இரண்டுமே கோதுமை மாவு.
கடைசிப் பக்கம் வரை புரட்டினேன்.
என்னைப்போல ஒருத்தி
முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"உங்க நிறத்துக்கு என்கிட்ட படம் இல்ல.
உங்களையே எடுக்கட்டுமா? கண்ணை மறைச்சிடுவேன்."
கண்தான் நல்லா இருக்கு, அதை மறைக்காதீங்க என்றேன்.
இருவரும் சிரித்தோம். கையெழுத்துப் போட்டேன்.

அன்று கன்னத்தைத் தொடவேயில்லை.
இடது காதுக்குப் பின்னால்,
தபால்தலையில் பாதி அளவு, ஒரே ஒரு சதுரம்.
சுருக்கென்றது. பூனைமுடி கருகும் வாசனை.
"ஆறு வாரம் பொறுங்க.
இது கறுக்கலைன்னா முகத்துக்கு வருவோம்."
எவ்வளவு போகும்?
"நாலு தடவை வந்தா, முப்பது சதவீதம். நாற்பதுன்னா அதிர்ஷ்டம்."
நூறு என்று பொய் சொல்லியிருந்தால்
அன்றைக்கே அட்வான்ஸ் கட்டியிருப்பேன்.

வெயில் படக்கூடாதாம்.
கேத்தியில் ஏதுங்க வெயில், மூணு நாளா மிஸ்ட்டு.
"மிஸ்ட்டுக்குள்ளயும் இருக்கு.
ஏழாயிரம் அடியில குடியிருக்கீங்க,
சூரியனுக்குப் பக்கத்து வீடு."

பெள்ளி மேஸ்திரியிடம் போய்
பகலில் களையெடுக்க வரமாட்டேன்,
ராத்திரி கேரட்டுக்குப் போடுங்கள் என்றேன்.
ஏன் என்றார்.
கூலி கூட என்றேன். அதுவும் நிஜம்தானே.

ராத்திரி ஒரு மணிக்குக் காட்டில் இறங்குவோம்,
நெற்றியில் கட்டிய விளக்கோடு.
பூட்ஸுக்கடியில் உறைபனி நொறுங்கும்.
யாரைப் பார்த்தாலும் ஒரு வெளிச்சம்தான்,
வெளிச்சத்துக்குப் பின்னால் முகம் இருக்காது.
அந்த ஒரு மாதம் நான் நிறைய பேசினேன்.
எல்லாரும் சொன்னார்கள்,
இவளுக்கு இவ்வளவு பேச்சு எங்கிருந்து வந்ததென்று.

விடிந்ததும் வீட்டுக்குள் நுழைந்து
காதை மடக்கிப் பிடித்து ஒரு போட்டோ.
சிவப்பு, பழுப்பு, கொஞ்சம் கறுப்போ?
இல்லை, விரல் நிழல்.
போனில் இப்போது என் தங்கை குழந்தையைவிட
என் காதுதான் அதிகம்.

நாற்பத்தோராம் ராத்திரி,
மூட்டை தைக்கும்போது
எஸ்தர் விளக்கை நேராக என் முகத்தில் திருப்பினாள்.
"கன்னத்துல என்னமோ இருக்குடி."

கை தானாக எழுந்தது மூட,
பதினான்கு வருடப் பழக்கம்.
அதற்குள் அவள்
கட்டைவிரலால் அழுத்தித் துடைத்து
விரலை வெளிச்சத்தில் காட்டினாள்.

மண்.

மேலே ரோட்டில் லாரி ஹாரன் அடித்தது.
இன்னும் எட்டு மூட்டை.